சத்தம் போடாத பெட்டி

வெள்ளவத்தையில் வீடுகளுக்குக் கமரா பூட்டித் தருகிற கடைகளுக்குக் குறைவில்லை. காலி வீதியில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் நாலு கடை வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு, அங்கே குடியிருந்த அவ இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு, என்னுடைய சின்னக் கடைக்கு வந்தா. ஏன் அன்ரி இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது" என்றா.

அவவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவவுக்குப் பிடிக்காது. இவ்வளவு எழுதுவதே பிடிக்குமோ தெரியாது. அப்போது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இறுக்கிப் பின்னின தலை, கையில் எந்நேரமும் ஒரு குடை. களுபோவிலப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற லாப்பில் வேலை. கட்டம்போட்ட தாளில் வீட்டின் படத்தை அளவெடுத்துக் கீறிக்கொண்டு வந்திருந்தா. கமரா வரவேண்டிய ஆறு இடத்திலும் சிவப்புப் பேனையால் புள்ளடி. ஒவ்வொரு புள்ளடியில் இருந்தும் அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று ஒரு அம்புக்குறி.

நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கள்ளருக்கெண்டா கமரா வெளியால பாக்கணும் அன்ரி. நீங்க ஆறையும் உள்பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க. கேற்றில உள்ளதும் வீட்டைத்தான் பாக்குது."

"வெளியால இருந்து வாறதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ள இருந்து வெளியால போறதைத்தான் பாக்கவேணும்."

வேலைக்கு வருகிற ஆளில் சந்தேகமாக்கும் என்று நினைத்தேன். அப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைக் கேட்டும் விட்டேன். அவ தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

"ஆருக்கெண்டு தெரிஞ்சாத்தான் பூட்டுவீங்களோ?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. "ஆருக்குத் தெரியவேணும்?" என்பது அவவின் வாயில் அடிக்கடி வருகிற வசனம். நகைச்சுவையாக, கோபமாக, களைத்துப்போய் என்று எல்லா விதமாகவும் அதை அவ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் வீடு. கீழ்த்தட்டில் அவவும் புருஷனும். மேல்தட்டில் வீட்டுக்காரர்கள்; அவர்கள் பாதி வருஷம் வெளிநாட்டில். ஒழுங்கை முடிந்தால் கடலோர வீதி. அதைக் கடந்தால் தண்டவாளம், பிறகு கல்லும் கடலும். ரயில் போகும்போது அந்த வீட்டு அலுமாரிக் கண்ணாடிகள் அதிரும்.

நான் ஏணியில் நின்று முன்வாசலுக்கு மேலே துளை போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. தையல் தைக்கிற ஆள். கழுத்தில் அளவுநாடா தொங்கும்.

"என்ன, கமராவோ பூட்டுறியள்?"

அன்ரி என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னா. "இல்லை. லைற் ஒண்டு எரியுதில்லை. அதைத் திருத்த வந்தவர்."

என் கையில் கமரா இருந்தது. நான் அதை மெல்ல இடுப்புப் பைக்குள் விட்டேன். அக்காவும் சிரித்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டா. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்ரியின் விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன.

கொஞ்ச நேரத்தால் எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினேன். வெள்ளைச் சேர்ட், சப்பாத்து, கையில் ஒரு பழைய பைல். நல்ல உயரமான மனுஷன். சேர்ட்டுக்குக் கீழே சாரம் மட்டும் இல்லையென்றால் ஒஃபிஸுக்குப் புறப்பட்ட ஆள் என்றே நினைத்திருப்பேன்.

"தம்பி, கப்பல் வந்திட்டுதோ?" என்றார்.

அன்ரி குசினிக்குள் இருந்து ஓடி வந்தா. அவவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆறு கமராவும் ஏன் உள்ளே பார்க்கின்றன என்பதும் விளங்கியது.

என்னுடைய அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். வீட்டில் சொல்லிப் பழகின பதிலே வாயில் வந்தது.

"இன்னும் இல்ல அங்கிள். வெளியில நிக்குதாம். நாளைக்குத்தான் உள்ள எடுப்பாங்களாம்."

"அப்ப சரி" என்று அவர் கதிரையில் போய் அமர்ந்து பைலை மடியில் வைத்துக்கொண்டார். அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. அங்கிள் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க். தினமும் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கிப் போய் வந்தவர். இப்போதும் பின்னேரமானால் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார் என்பதை அன்றைக்கு அவ எனக்கு மூன்று வசனத்தில் சொன்னா. நாலாவது வசனம், "இது உங்களோட இருக்கட்டும்."

கேற்றைப் பூட்டி வைக்கலாமே என்று நான் கேட்காமல் இல்லை. ஒருநாள் பூட்டினாவாம். அவர் கேற்றைப் பிடித்து உலுக்கி, "என்னை அடைச்சு வைச்சிருக்கிறாள், ஆராவது வாங்கோ" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாராம். அதற்குப் பிறகு பூட்டுவதில்லை. சமைக்க வருகிற அம்மா மூன்று மணிக்குப் போய்விடுவா. இவ லாப்பில் இருந்து வந்து சேர ஐந்தாகும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் கமரா. கேற் பக்கம் ஆள் நடமாடினால் போனில் மணி அடிக்கும். உடனே வீட்டுக்கு அழைப்பெடுத்து, "ஷிஃப்ட் மாத்திப் போட்டாங்களாம், நாளைக்கு வந்தாக் காணுமாம்" என்பா. அவர் திரும்பிப் போய் இருப்பார்.

"வேற ஆரையாவது ஒரு ஆளைப் பிடிச்சு விடலாமே அன்ரி, அந்த ரெண்டு மணித்தியாலத்துக்கு?"

"ஆள் வந்தா ஆள் கதைக்கும்" என்றா.

மெல்பேணில் இருக்கிற மகளுக்குக்கூட முழுவதும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வயர் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தபோது மகளோடு வீடியோவில் கதைத்தார்கள். அதற்கு முன்னம் அன்ரி அங்கிளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஜன்னல் வெளிச்சம் விழுகிற கதிரையில் இருத்தினா. தான் போனுக்குப் பின்னால் நின்றா. "சாப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்று வாயை மட்டும் அசைத்தா. அவர் சொன்னார். "சுகமா இருக்கிறன்." அதையும் சொன்னார்.

மகள் கேட்டாள். "அப்பா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?"

"தெரியாமலோ? நீங்கள் கஸ்டம்ஸில..."

அன்ரியின் விரல் போனுக்கு மேல் வந்தது. படம் மறைந்தது. "லைன் சரியில்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. லைன் நான் இழுத்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. நான், "ஓம் அன்ரி, இண்டைக்குக் கொஞ்சம் ஸ்லோதான்" என்றேன்.

இனி அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லவேண்டும்.

கமராக்களுக்குப் படம் போக ஒரு வயர், கரண்ட் வர வேறொரு வயர் என்று நாங்கள் இப்போது இரண்டு இழுப்பதில்லை. ஒரே வயர்தான். ஆறு வயரும் வந்து ஒரு பெட்டியில் ஏறும். அதையும் சுவிட்ச் என்றுதான் சொல்வோம். லைற் போடுகிற சுவிட்ச் இல்லை. கமராக்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். மொத்தமாக இவ்வளவு வொட்ஸ்தான் தருவேன் என்று அதற்கு ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் கேட்டால் கடைசி ஓட்டையில் குத்தியிருக்கிற கமராவைக் கைவிட்டுவிட்டு மற்றவைக்குக் கொடுக்கும். சனங்கள் கமராவை மட்டும் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குவார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அவ கேட்டா. "இது எவ்வளவு குடுக்கும்? அதுகள் எவ்வளவு கேக்கும்?"

முதலில் நான் வைத்தது பெரிய பெட்டி. நூற்றிருபது வொட்ஸ். ஆறு கமராவுக்கு அது தாராளம். ஹோலில் இருந்த அலுமாரிக்குள் வைத்தேன். ஆனால் பெரிய பெட்டி சூடாகும் என்று உள்ளே ஒரு குட்டி ஃபான் இருக்கும். அது எந்நேரமும் இரையும். எனக்கும் உங்களுக்கும் அது காதில் விழாது. அங்கிளுக்கு விழுந்தது. அலுமாரிக்குள் ஆட்கள் இருந்து கதைக்கிறார்கள் என்றார். முதல்நாள் அலுமாரிக் கதவைத் தட்டி, "ஆர் அது?" என்று கேட்டாராம். இரண்டாம் நாள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாராம். மூன்றாம் நாள் கதவைத் திறந்து ஆறு வயரையும் பிடுங்கி எறிந்துவிட்டார்.

அன்ரி லாப்பில் இருந்து போன் எடுத்தா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. யாருக்கும் கேட்காத இடத்தில் நின்று கதைக்கிறா என்று விளங்கியது.

"தம்பி, சத்தம் போடாத பெட்டி இருக்குதோ?"

இருக்கிறது. ஃபான் இல்லாத பெட்டிகள். ஆனால் அவை சின்னன், கொடுக்கிற கரண்டும் குறைவு. கடையில் இருந்தது அறுபது வொட்ஸ் பெட்டி ஒன்றுதான். நூற்றுக்கு மேலே கொடுக்கக்கூடிய, ஃபான் இல்லாத பெட்டியும் உண்டு. புறக்கோட்டை மொத்தக் கடையில் கேட்டேன், வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். பெரிய பெட்டியை வேறு இடத்தில் வைக்கலாமென்றால் குசினியில் புகை, வெளியே மழை, மேல்தட்டுக்குப் பூட்டு. கேற் கமராவுக்குத் தனியாக ஒரு பிளக் போடலாமென்றால் அங்கிள் கண்ணில் பட்ட பிளக்கையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டேன். பகலில் ஒரு கமரா நாலரை, ஐந்து வொட்ஸ் கேட்கும். இருட்டினால் அதற்குள் இருக்கிற இராப் பார்வை விளக்குகள் தானாகப் பற்றும். அப்போது பத்து. ஆறு பத்து அறுபது. பெட்டியும் அறுபது; வயரில் வீணாகிறதுக்கு மிச்சமில்லை.

அவ எனக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கணக்கைப் பார்த்தா.

"தாங்குமோ?"

எனக்கு அன்றைக்கு நுகேகொடையில் வேறொரு வேலை காத்திருந்தது. அந்தக் கடைக்காரர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். வீட்டில் முன்னறையிலும் ஹோலிலும் பின்னேரத்தில் லைற் எரியும். வெளிச்சத்தில் அந்த இரண்டு கமராவும் இராவிளக்கைப் பற்றவைக்காது. அப்படியென்றால் ஐம்பதுக்குள் நிற்கும். இதுதான் என் மனக்கணக்கு. இரண்டு கிழமையில் பெரியது வந்ததும் மாற்றிவிடலாம் என்றும் நினைத்தேன். இதையெல்லாம் அவவுக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது ஒரு சொல்.

"தாங்கும்."

இரண்டு கிழமை போனது. புதுப் பெட்டியும் புறக்கோட்டைக்கு வந்தது. எடுத்துக்கொண்டு போய் மாற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இரவில் வீட்டிலேயே நிற்பதால் அவ கமராவைப் பார்ப்பதில்லை போல; அவவிடமிருந்தும் ஒரு முறைப்பாடும் வரவில்லை. ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. அன்றைக்குப் பகல் மூன்றரை மணிக்கே வானம் கறுத்துவிட்டது. நான் பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாலு மணியிருக்கும், அன்ரி எடுத்தா.

"தம்பி, கேற் கமரா கறுப்பாக் கிடக்கு. மற்ற அஞ்சும் தெரியுது. ஹோலில அவரைக் காணேல்லை. வீட்டுப் போன் அடிச்சுக்கொண்டே கிடக்கு."

"நீங்க எங்க அன்ரி?"

"பஸ்ஸில. வெள்ளம். பஸ் அசையுதில்லை."

நான் மோட்டார்சைக்கிளை எடுத்தேன். மழைக்குள் எப்படிப் போனேன் என்று இப்போது ஞாபகமில்லை. வீட்டுக் கேற் அகலத் திறந்து கிடந்தது. முன்கதவும் அப்படித்தான். குளியலறை, குசினி, படுக்கையறை, கட்டிலுக்குக் கீழே என்று எல்லாம் பார்த்தேன். கதிரையில் பைல் இல்லை. வாசலில் சப்பாத்து இல்லை. அலுமாரிக்குள் பெட்டியில் ஐந்து பச்சைப் புள்ளி மினுங்கின. கேற் கமரா குத்தியிருந்த ஆறாவது ஓட்டைக்கு மேலே வெளிச்சம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

"அன்ரி, அங்கிள் வீட்டில இல்ல."

பஸ்ஸுக்குள் யாரோ சிங்களத்தில் சத்தமாகச் சிரித்தது கேட்டது.

"தம்பி, ஆரிட்டையும் சொல்லாதேங்கோ. நீங்கள் தேடுங்கோ. நான் இறங்கி நடந்து வாறன்."

"அன்ரி, தனிய நான் ஒராள்..."

"சொல்லாதேங்கோ."

கடற்கரைப் பக்கம் ரயில் ஊதிக்கொண்டு போனது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

நான் இரண்டு அடி உள்ளே வைத்து, இரண்டு அடி வெளியே வைத்து, கேற்றடியில் நின்றேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் குத்தினேன்.

தையல்கார அக்கா வந்தா. நான் வாயைத் திறக்க முன்னமே, "எப்ப போனவர்?" என்றா. "என்ன நிறச் சேர்ட்?" என்றா. குடையை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி மழைக்குள் இறங்கிவிட்டா. எனக்கு ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை.

ஒழுங்கை வாசலில் ஓட்டோக்காரர்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். முதல்நாள் பதிவில் இருந்த அங்கிளின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டினேன்.

"அய்யே, மே மாத்தயாவ தெக்கத?" இந்த ஐயாவைக் கண்டீங்களா என்று சிங்களத்தில் கேட்டேன்.

ஒரு நரைத்த மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆ, வராயே மாத்தயா!" என்றார். துறைமுகத்து ஐயா. தங்களிடம் எத்தனையோ நாள் வந்து துறைமுகத்துக்குப் போகவேணும் என்று கேட்டிருக்கிறாராம். ஒழுங்கையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்களாம். அன்ரி அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்திருந்த விஷயத்துக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பட்டப்பெயரே இருந்தது.

"ஸ்டேசன்" என்றார் மீசைக்காரர். இரண்டு பேரும் ஓடினோம்.

ஸ்டேசன் மேடையில் அவர் இல்லை. மழையில் தூரத்துப் பொருள்கள் ஒன்றும் தெரியவில்லை. மேடை முடிகிற இடத்துக்குப் போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். பம்பலப்பிட்டிப் பக்கமாக, தண்டவாளத்துக்கு நடுவே, கட்டை கட்டையாகக் கால் வைத்து ஒரு வெள்ளைச் சேர்ட் போய்க்கொண்டிருந்தது. பைலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். ரயில் பிந்திவிட்டது, நடந்தே போய்விடலாம் என்று நினைத்திருப்பார்.

"அங்கிள்! அங்கிள்!"

கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மீசைக்காரர் எனக்கு முன்னால் ஓடினார். வயதான ஆள், பாட்டாச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் கூரான கற்களில் ஓடினார். நான் வழுக்கி விழுந்தேன். முழங்காலை ஊன்றி எழும்பும்போது கோட்டைப் பக்கத்தில் இருந்து ரயில் வெளிச்சம் தெரிந்தது. அது ஊதியது. மறுபடி ஊதியது. விடாமல் ஊதிக்கொண்டே வந்தது.

மீசைக்காரர் அவரை எட்டினதைப் பார்த்தேன். கையைப் பிடித்ததைப் பார்த்தேன். பிறகு ரயில் எங்களுக்கு நடுவே வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு நின்றவர்கள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று அந்த முகங்களில் தேடினேன். ஒன்றும் விளங்கவில்லை. அந்த ரயில் முடியவே முடியாது என்றிருந்தது.

முடிந்தது. அந்தப் பக்கத்துக் கல்லில் இரண்டு பேரும் நின்றார்கள். ஓட்டோக்காரர் அங்கிளின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சேர்ட்டிலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது கேற்றடியில் இருபது பேராவது நின்றார்கள். யாரோ துடைக்கத் துவாய் கொடுத்தார்கள். யாரோ சுடுதண்ணீர் வைத்தார்கள். தையல்கார அக்கா அவருடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தா. அப்போதுதான் அன்ரி வந்தா. குடை கையில் மடங்கியபடியே இருந்தது. அதை விரிக்கவே மறந்துபோனா போல. தலை முகமெல்லாம் தண்ணீர். கேற்றடியில் நின்று கூட்டத்தைப் பார்த்தா. ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. கடைசியாக என்னைப் பார்த்தா.

"நீங்களோ சொன்னது?"

"ஓம் அன்ரி."

உள்ளே வந்தா. அக்காவின் கையில் இருந்த சப்பாத்தை வாங்கிக் கீழே வைத்தா. அங்கிளைக் கைபிடித்து எழுப்பி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா.

அக்கா என்னைக் கேற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தா.

"விடுங்கோ தம்பி. ஒண்டரை வருஷமா எங்களுக்குத் தெரியும். அவவா சொல்லட்டும் எண்டு நாங்களும் தெரியாத மாதிரி இருந்தனாங்கள்."

அடுத்தநாள் காலமே புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழிநெடுக எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவ லாப்புக்கு லீவு போட்டிருந்தா. மேசையில் பெட்டியோடு வந்த தாள் விரித்திருந்தது. பக்கத்தில் அவவின் கையெழுத்தில் ஆறு வரி கூட்டல்.

"அன்ரி, அந்தப் பெட்டி..."

"அறுபது" என்றா. "நேற்று மழை இருட்டுக்கு ஆறும் விளக்கைப் பத்தினது. வீட்டில லைற் போட ஆளில்லை. நானும் கூட்டிப் பாத்திட்டன்."

"எனக்குத் தெரியும் அன்ரி. அண்டைக்கே தெரியும். மட்டுமட்டுத்தான் எண்டு தெரிஞ்சுதான் வச்சேன்."

அவ தாளை மடித்தா. கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். அவ கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தாங்குமோ எண்டு நான் கேட்டன். எங்கட லாப்பில தெரியாட்டித் தெரியாது எண்டுதான் எழுதுவம். அதுக்கு ஒருத்தரும் பேசமாட்டினம்."

பிறகு, "நானும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றா. அது எனக்குச் சொன்னதா தனக்கே சொன்னதா தெரியாது.

புதுப் பெட்டியை வைத்தேன். சத்தமில்லாதது, நூற்றுப்பத்து வொட்ஸ். கேற் கமராவை முதலாம் ஓட்டையில் குத்தினேன். வீட்டு லைற் எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னல்களை இழுத்துச் சாத்தி, ஆறு கமராவின் விளக்கையும் பற்றவைத்து, ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தோம். இருட்டுக்குள் அவவும் நானும் அலுமாரிக்கு முன்னால் இரண்டு கதிரையில். ஒன்றும் அணையவில்லை.

அவ மாறிவிட்டா என்று நான் சொல்லமாட்டேன். மற்றக் கிழமை போனபோது தையல்கார அக்கா ஹோலில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் அங்கிள் பைலோடு. மூன்றிலிருந்து ஐந்துவரை அக்கா வந்திருக்கிறாவாம். அதை அன்ரி கேட்டாவா, அக்காவாக வந்தாவா என்று எனக்குத் தெரியாது. "அவவுக்கு அங்க வெளிச்சம் காணாதாம். இங்க இருந்து தைக்கிறா" என்றுதான் அன்ரி எனக்குச் சொன்னா. அந்த ஓட்டோக்காரருக்குத் தீபாவளிக்குப் பலகாரம் போனது. யார் கொடுத்தது என்று சொல்லாமல் கேற்றடியில் வைத்து அனுப்பினதாகக் கேள்வி. எனக்கு அவ நன்றி சொன்னதும் இல்லை, மன்னிச்சிட்டன் என்றதும் இல்லை. ஆனால் கமராவில் என்ன சின்னக் கோளாறு என்றாலும் என்னைத்தான் கூப்பிட்டா. வெள்ளவத்தைக் கடைக்காரர்களை அல்ல.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு அங்கிளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். இரண்டு கிழமை இருந்து அங்கேயே மோசம் போனார். மெல்பேணில் இருந்து மகள் வந்து, எட்டாம் நாள் சடங்கு முடித்துத் திரும்பிப் போனாள். நான் செத்தவீட்டுக்குப் போய், பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தேன்.

மகள் போய் இரண்டு நாளால், காலமே ஏழு மணிக்கு அன்ரி எடுத்தா.

"தம்பி, கமராப் படங்களைப் பதிஞ்சு வைக்கிற அந்த ரெக்கோடர் பழசை அழிச்சு அழிச்சுத்தானே எழுதுது?"

"ஓம் அன்ரி. முப்பது நாள் வச்சிருக்கும். பிறகு ஒவ்வொரு நாளாப் பழசு போகும்."

"நேற்று அவர் முற்றத்தில நடந்தது போயிட்டுது. இண்டைக்குக் காலமை அவர் சேவ் எடுத்ததும் போயிட்டுது. இனி நாலு நாள்தான் கிடக்கு, அவர் வீட்டில இருந்த நாள். வெறும் கதிரையை எழுதி எழுதி அவரை அழிக்குது தம்பி."

"அன்ரி, அலுமாரியைத் திறந்து பெட்டியிட பிளக்கைக் கழட்டுங்க. கமரா நிண்டா எழுதுறதும் நிக்கும். ஒண்டும் அழியாது."

"தெரியும். திறந்து வைச்சுக்கொண்டுதான் நிக்கிறன். எனக்கு ஏலாமல் கிடக்கு. வாங்கோ."

அவவின் வாயில் ஏலாது என்கிற சொல்லை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை.

போனேன். தையல்கார அக்காவும் அங்கே இருந்தா. அன்ரியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றா. அன்ரி அதை விலக்கவில்லை. நான் குனிந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவ தலையை ஆட்டினா. இழுத்தேன். பெட்டி முன்னமும் சத்தம் போடாததுதான்; ஆனாலும் வீடு இன்னும் அமைதியானது போல இருந்தது.

மிச்சமிருந்த நாலு நாளையும் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துப் பென்டிரைவில் போடத் தொடங்கினேன். மகளுக்கு ஒன்று, அன்ரிக்கு ஒன்று என்று இரண்டை எடுத்து வைத்தேன்.

"மூண்டு எடுங்கோ" என்றா அன்ரி.

"மூண்டாவது ஆருக்கு அன்ரி?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவ கோபிக்கவில்லை. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் பக்கம் நாடியைக் காட்டினா.

"அவவுக்கு. அந்த நாலு நாளில பாதி அவவும் அவரோட இருந்தவ."